பீரியட்ஸ் வரப்போகுதா, தங்கியிருக்கா? பிரிச்சுப் பாக்குறது எப்படி

மார் கனக்குது, இடுப்பு கடுக்குது, ஒண்ணுமில்லாததுக்கு எரிச்சல் வருது, டேட்டுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, இது எப்பவும் வர்றதுதானா இல்ல இந்த மாசம் தங்கிடுச்சா? சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவ நான், இந்தக் கேள்வி காதுல விழாத வாரமே கிடையாது. சில பேரு நேராவே கேட்டுடுவாங்க, நெறைய பேரு பக்கத்துல ஆம்பளைங்க நின்னா தலைவலி மாத்திரை ஒண்ணு வாங்கிட்டு போயி, கூட்டம் குறைஞ்சப்புறம் திரும்பி வருவாங்க. அவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான். டேட் வர்றதுக்கு முன்னாடி உடம்பு காட்டுறதை மட்டும் வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது, உங்களால மட்டுமில்ல டாக்டராலயும் முடியாது. தேதி வேணும், அதுக்கப்புறம் யூரின்ல பாக்குற கார்டு டெஸ்ட் வேணும். இதை மனசுல வச்சுகிட்டு மிச்சத்தை படிங்க.

ஏன் பிரிக்க முடியாதுன்னா, ரெண்டுக்கும் காரணம் ஒரே ஹார்மோன். முட்டை வெளிய வந்தப்புறம் அது இருந்த இடத்துல ஒரு சின்ன கட்டி மாதிரி உருவாகி புரோஜெஸ்டிரோன் சுரக்கும், மாசா மாசம் எல்லாருக்கும் நடக்குறதுதான். மார் வலி, வயிறு உப்புசம், மலச்சிக்கல், தூக்கம், மூட் மாறுறது எல்லாத்துலயும் இதுக்கு பங்கு இருக்கு. கரு தங்கலைன்னா சுமார் ரெண்டு வாரத்துல அது சுரக்குறது குறைஞ்சு பீரியட்ஸ் வந்துடும். தங்கிடுச்சுன்னா கரு ஹெச்.சி.ஜின்னு இன்னொரு ஹார்மோனை அனுப்பி, நிறுத்தாதே சுரந்துகிட்டே இருன்னு சொல்லும், அதனால புரோஜெஸ்டிரோன் குறையாம நிக்கும். கரு கர்ப்பப்பைல ஒட்டுறதே முட்டை வெளிய வந்து 6ல இருந்து 12 நாளுக்குள்ள, பெரும்பாலும் 8, 9, 10ம் நாள்ல. அதுவரைக்கும் மாசமா இருக்குற உடம்புக்கும் இல்லாத உடம்புக்கும் ஹார்மோன் அளவுல வித்தியாசமே இல்லைங்க. அதனால சேர்ந்து மூணாவது நாளே வாந்தி வர்ற மாதிரி இருக்கு, இது அதுதான்னு யாராச்சும் சொன்னா, அவங்களுக்கு குமட்டல் நிஜமா இருக்கலாம், காரணம் கர்ப்பமா இருக்க வாய்ப்பே இல்ல.

முதல்ல தேதியை சரி பண்ணுங்க

கடைசியா எப்ப குளிச்சீங்க, அதாவது பீரியட்ஸ் எப்ப வந்துச்சுன்னு கேட்டா நம்ம ஊர்ல பாதி பேரு ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி, பெரியவ ஸ்கூல் திறந்த அன்னைக்குன்னு இப்படித்தான் சொல்வாங்க. அதுல தப்பே இல்ல, ஆனா உடனே அதை தேதியா மாத்தி எழுதிடுங்க. தினசரி கிழிக்கிற காலண்டர்ல எழுதாதீங்க, மறுநாள் அந்தத் தாளே குப்பைக்கு போயிடும், மாசக் காலண்டர்லயோ போன்லயோ எழுதுங்க. எழுத வேண்டியது ரத்தம் நல்லா வர ஆரம்பிச்ச முதல் நாள், தலைக்கு ஊத்துன நாள் இல்ல. இதுல மூணு நாள், அஞ்சு நாள் மாறிப் போயிதான் டாக்டர்கிட்ட கணக்கு இடிக்குது.

ஒரு முதல் நாள்ல இருந்து அடுத்த முதல் நாள் வரைக்கும் எத்தனை நாள்னு எண்ணுங்க. 21ல இருந்து 35 நாள் வரைக்கும் எதா இருந்தாலும் சாதாரணம்தான், எல்லாருக்கும் 28னு ஒண்ணும் சட்டம் இல்ல. 34 நாளைக்கு ஒரு தடவை வர்றவங்க 29வது நாள்ல ஒரு நாள் தள்ளிப்போச்சுன்னு பதறுனா, அது தள்ளியே போகலை. கடைசி மூணு நாலு மாசத்தை எழுதிப் பாத்து, அதுல நீளமானதை வச்சு உங்க டேட்டை குறிச்சுக்கோங்க. அந்த நாளும் தாண்டினாத்தான் தள்ளிப்போச்சுன்னு அர்த்தம்.

முட்டை வெளிய வர்றது அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னாடி. 28 நாள்காரங்களுக்கு 14ம் நாள் வாக்குல, 35 நாள்காரங்களுக்கு 21ம் நாள் வாக்குல வரும். பீரியட்ஸ் முடிஞ்ச பத்தாம் நாள்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்கல்ல, அது எல்லாருக்கும் பொருந்தாது.

ஒவ்வொரு அறிகுறியும் எதை சொல்லும், எதை சொல்லாது

மார் வலியை எடுத்துப்போம், கேக்குறவங்க முக்கால்வாசி பேரு இதைத்தான் முதல்ல சொல்றாங்க. பீரியட்ஸுக்கு முன்னாடி ரெண்டு மார்பும் கனத்து, தொட்டா வலிச்சு, உதிரப்போக்கு ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல லேசாயிடும். கர்ப்பத்துல அது விடாது, டேட் தாண்டியும் இருக்கும், இன்னும் கூடும், போகப்போக காம்பு சுத்தி இருக்குற வட்டம் கருத்து அதுல சின்னச் சின்ன பொரி மாதிரி எழும்பும். அந்த நிறம் மாறுறது எல்லாம் சில வாரம் ஆகி தெரியுறது, டேட்டுக்கு முன்னாடியே கண்ணாடி முன்னாடி நின்னு தேடாதீங்க. ஆக வலி இருக்கான்னு பாக்காதீங்க, டேட்ல விட்டுச்சா விடலையான்னு பாருங்க.

ரத்தம் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இங்கதான் ரெண்டு பக்கமும் ஏமாறுறாங்க. கரு ஒட்டுற சமயத்துல சில பேருக்கு லேசா கறை படும், ரோஸ் கலர்லயோ காபிக்கொட்டை கலர்லயோ இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள், பேட் நனையுற அளவு வராது, கட்டி இருக்காது. எல்லாருக்கும் இது வராது, நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது. பீரியட்ஸ்னா முதல்ல கொஞ்சமா ஆரம்பிச்சு அப்புறம் சிவப்பா கூடும், கட்டி கட்டியா வரலாம், மூணுல இருந்து ஏழு நாள் வரைக்கும் ஓடும். சிக்கல் என்னன்னா, அந்தக் கறை வர்றதும் டேட்டை ஒட்டித்தான் வரும். இந்த மாசம் கம்மியா வந்துச்சு, உடம்புல ரத்தம் இல்ல போலன்னு நினைச்சு இரும்புச்சத்து டானிக் கேட்டு வந்து, கடைசில ரெண்டு மாசம்னு தெரிஞ்சவங்க இருக்காங்க. அதனால எப்பவும் அஞ்சு நாள் வர்றவங்களுக்கு ஒரு நாள் கறையோட நின்னுடுச்சுன்னா, அதை பீரியட்ஸ் கணக்குல சேக்காம ஒரு வாரம் பொறுத்து கார்டு போட்டுப் பாத்துடுங்க. அதேபோல ஏற்கெனவே கார்டுல ரெண்டு கோடு வந்தவங்களுக்கு கறை பட்டா, இது ஒட்டுற ரத்தம்தான்னு வீட்லயே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட காட்டணும்.

குமட்டல். மசக்கை பெரும்பாலும் கடைசி பீரியட்ஸ்ல இருந்து அஞ்சாவது ஆறாவது வாரத்துல ஆரம்பிக்கும், அதாவது டேட் தள்ளிப்போய் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு. காலைல மட்டும்தான் வரும்னு இல்ல, ராத்திரியும் வரும், நாள் முழுக்கவும் இருக்கும். பீரியட்ஸுக்கு முன்னாடியும் சில பேருக்கு வயிறு பெரட்டும், ஆனா தினமும் வாந்தின்னு வர்றது கம்மி. ஏற்காட்டுக்கு போயிட்டு வந்து வாந்தி எடுத்தேன் அக்கா, அதுவா இருக்குமோன்னு கேக்குற புள்ளைங்க நெறைய, இருபது கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பித் திரும்பி ஏறுனா யாருக்கும்தான் வயித்தைக் கலக்கும். மலைப்பாதை வாந்தி கீழ இறங்கி ஒரு சில மணி நேரத்துல அடங்கிடும், மறுநாளும் தொடர்ந்து இருந்தா டேட்டை பாருங்க.

அசதி வச்சு எதையும் சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழி, தைல காபி பழம் பறிக்கிற சீசன்ல ஏற்காடு எஸ்டேட்ல சரிவுல நாள் பூரா நிக்கிறவங்க சாயங்காலம் எப்படி இருப்பாங்க, வெள்ளிக் கொலுசுக்கு பொடி வெச்சு ஊதுற வேலைல குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கறவங்களுக்கு இடுப்பு எப்படி இருக்கும். அவங்க உடம்பு வலியை வேலையோட சேத்துதான் பாக்கணும். ஒண்ணு மட்டும் கவனிக்கலாம், லீவு போட்டு நல்லா தூங்கி எந்திரிச்சும் பகல்ல கண்ணு சொக்குற தூக்கம் டேட் தாண்டியும் பல நாள் தொடர்ந்தா டெஸ்ட் பண்ற லிஸ்ட்ல அதையும் சேத்துக்கோங்க.

சாப்பாட்டு ஆசை பத்தி சினிமாவுல காட்டுறதை நம்பாதீங்க. பீரியட்ஸுக்கு முன்னாடியும் பசி கூடும், இனிப்பு உப்பு காரம்னு நாக்கு தேடும், தட்டுவடை செட்டு ரெண்டு பிளேட் சாப்பிடணும்னு தோணுறது கர்ப்பத்துக்கு சாட்சி ஆகாது. ஆசையை விட வெறுப்பு வர்றதை கவனிக்கலாம், தினமும் பிடிச்சு குடிச்ச காபி வாசமே ஆகாம போறது, தாளிக்கிற வாசத்துக்கு அடுப்படிய விட்டு ஓடி வர்றது, வாயில இரும்பு மாதிரி ஒரு ருசி நிக்கிறது. இதெல்லாம் கர்ப்பத்து பக்கம் கொஞ்சம் சாயும், ஆனா அதுவும் முடிவு இல்ல.

அடிக்கடி யூரின் போறது பொதுவா ஆறாவது வாரம் வாக்குல தெரிய ஆரம்பிக்கும். எரிச்சலோட, கடுப்போட, கொஞ்சம் கொஞ்சமா போனா அது பெரும்பாலும் யூரின் இன்ஃபெக்ஷன், அதுக்கு தனியா வைத்தியம் பாக்கணும். அடிவயிறு லேசா இழுக்குறது ரெண்டுலயும் உண்டு. வெள்ளைப்படுறதும் ரெண்டுலயும் உண்டு, நாத்தம், அரிப்பு இருந்தா மட்டும் டாக்டர்.

மூட் மாறுறதும் ரெண்டுலயும் வரும், பீரியட்ஸ்னா உதிரம் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல மனசு லேசாயிடும். மாசா மாசம் அந்த ஒரு வாரம் மட்டும் வாழவே பிடிக்கலைன்ற அளவுக்கு போறவங்க அதை குணக்கேடுன்னு யாரும் சொல்ல விடாதீங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு, அரசோட மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் தமிழ்லயே கூப்பிட்டு பேசலாம்.

டேட்டை தள்ளிப்போட வைக்கிற வேற விஷயங்கள்

ஆடி மாசம் வந்தா கோட்டை மாரியம்மன் திருவிழா, வீட்டு விசேஷம், மலைக்கோயில் பயணம்னு பீரியட்ஸை தள்ளிப்போடுற மாத்திரை கேட்டு வர்றவங்க ஜாஸ்தி ஆயிடறாங்க. அது நோரெத்திஸ்டிரோன். நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல பொதுவா வந்துடும், சில பேருக்கு இன்னும் சில நாள் ஆகும். அந்த மாத்திரையால மார் வலி, உப்புசம், குமட்டல், தலைவலி எல்லாமே வரலாம், ஆக மாத்திரை போட்ட மாசம் அறிகுறியை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ரொம்ப முக்கியமானது, அந்த மாத்திரை கர்ப்பத்தை தடுக்காது, தடுக்கும்னு நினைச்சு இருந்துடாதீங்க. நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வரலைன்னா கார்டு போடுங்க. டாக்டர் சீட்டு இல்லாம அதை கேக்காதீங்க, ஏற்கெனவே தங்கியிருக்க வாய்ப்பு இருந்தா முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் மாத்திரை பேச்சே.

குழந்தைக்காக ட்ரீட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு தனியா சொல்லணும். முட்டை வெடிக்க போடுற ஊசி பெரும்பாலும் அதே ஹெச்.சி.ஜிதான், போட்டு பத்து பதினாலு நாள் வரைக்கும் உடம்புல தங்கி கார்டுல பொய்யா கோடு காட்டலாம். அப்புறம் குடுக்குற புரோஜெஸ்டிரோன் மாத்திரையால மசக்கை மாதிரியே எல்லாம் தெரியும், பீரியட்ஸும் தள்ளிப்போகலாம். டாக்டர் எந்த நாள்ல டெஸ்ட் சொன்னாங்களோ அந்த நாள் வரைக்கும் பொறுங்க, அதுக்கு முன்னாடி பாத்து சந்தோஷப்பட்டோ அழுதோ உங்களை நீங்களே வதைச்சுக்காதீங்க.

தைராய்டு, பிசிஓடின்னு சொல்ற சினைப்பை நீர்க்கட்டி, திடீர்னு எடை ஏறுறது குறையுறது, பரீட்சை டென்ஷன், வீட்ல ஒரு சாவு, இதுல எது வந்தாலும் டேட் நகரும். பால் குடுக்குறவங்க குளிக்கவே ஆரம்பிக்கலை, அதனால தங்காதுன்னு தைரியமா இருக்காதீங்க. குழந்தைக்கு ஆறு மாசம் ஆகலை, தாய்ப்பால் மட்டும்தான் ராத்திரி பகலா குடுக்குறீங்க, பீரியட்ஸ் இன்னும் வரலை, இந்த மூணும் சேர்ந்து இருந்தாத்தான் அந்தப் பாதுகாப்பு, ஒண்ணு தவறினாலும் தங்கலாம். நாப்பது தாண்டினவங்களும் நின்னுபோச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கார்டு போட்டுடுங்க.

கார்டு போடுறது எப்படி

டேட் தாண்டி முதல் நாள்ல இருந்து பாக்கலாம், ஒரு வாரம் பொறுத்தா இன்னும் உறுதியா தெரியும். ஆரம்பத்துல ஹெச்.சி.ஜி ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும், நிறைய கார்டுக்கு ஒரு மில்லிக்கு 25 மில்லி யூனிட் அளவு இருந்தாத்தான் தெரியும், அதனாலதான் அவசரப்பட்டு பாத்தா இல்லைன்னு வந்துட்டு நாலு நாள்ல இருக்குன்னு மாறுது. டேட்டே ஒழுங்கில்லாதவங்க கடைசியா பாதுகாப்பு இல்லாம சேர்ந்த நாள்ல இருந்து 21 நாள் எண்ணி அப்புறம் பாருங்க.

காலைல எந்திரிச்ச முதல் யூரின் எடுங்க. ராத்திரி சொம்பு சொம்பா தண்ணி குடிச்சுட்டு பாக்காதீங்க, நீர்த்துப்போயிடும். சுத்தமா கழுவி காஞ்ச கப்புல புடிங்க, சோப்பு ஒட்டுன டம்ளர் வேண்டாம். கவரை அப்பதான் பிரிக்கணும், முன்னாடியே பிரிச்சு பாத்ரூம்ல வச்சா ஈரத்துல கெட்டுப்போகும், எக்ஸ்பைரி தேதியும் பாத்துக்கோங்க. கூட இருக்குற டிராப்பர்ல எடுத்து அந்தச் சின்ன குழில மூணு சொட்டு, இல்ல கவர்ல எத்தனை போட்டிருக்கோ அத்தனை சொட்டு விட்டு, சமதரையில வச்சுட்டு கடிகாரம் பாருங்க. அஞ்சு நிமிஷம். சி பக்கம் மட்டும் கோடு வந்தா இல்ல. சி, டி ரெண்டுலயும் வந்தா இருக்கு, டி கோடு மங்கலா இருந்தாலும் அந்த நேரத்துக்குள்ள கலரா வந்திருந்தா இருக்குன்னுதான் எடுத்துக்கணும், ரெண்டு நாள் விட்டு இன்னொண்ணு போட்டா பளிச்சுன்னு தெரியும். சி கோடே வரலைன்னா கார்டு கெட்டுப்போனது, வேற வாங்குங்க. அரை மணி கழிச்சு குப்பைல இருந்து எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாக்குறாங்க பாருங்க, அது வேண்டாம்ங்க, காஞ்சப்புறம் சாம்பலா ஒரு கோடு தெரியலாம், அதுக்கு அர்த்தம் இல்ல.

கார்டு கடைல அம்பது அறுபது ரூபாய்க்கே கிடைக்கும், விலை கூடுனதுதான் சரியா காட்டும்னு இல்ல. காசு இல்லைன்னாலோ கடைல கேக்க கூச்சமா இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பாப்பாங்க, மலைல இருக்கறவங்க உங்க கிராம நர்ஸ்கிட்ட கேளுங்க. கேக்குறதுக்கு வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, நாங்க ஒரு நாளும் உங்களை தப்பா நினைக்கிறது கிடையாது.

இல்லைன்னு வந்து பீரியட்ஸும் வரலைன்னா மூணுல இருந்து ஏழு நாள் விட்டு திரும்ப பாருங்க. அப்பவும் இல்லைன்னு வந்து தொடர்ந்து வராம இருந்தா டாக்டரை பாருங்க, ரத்தத்துல பீட்டா ஹெச்.சி.ஜி, தைராய்டு, ஸ்கேன்னு தேவையானதை அவங்க எழுதுவாங்க. பீரியட்ஸ் வரவைக்கணும்னு பப்பாளி, அன்னாசி, எள்ளு உருண்டைன்னு அள்ளி சாப்பிடுறதால தேதி மாறும்னு நிரூபணம் இல்ல, நாள்தான் வீணாகும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

டேட் தள்ளிப்போயிருக்கு, இல்ல கார்டுல ரெண்டு கோடு வந்திருக்கு, அப்ப அடிவயித்துல ஒரு பக்கமா சுருக்குன்னு வலி, தோள்பட்டை நுனில வலி, தலை சுத்தி கண்ணு இருட்டுறது, ரத்தம் படுறது, இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. கரு குழாய்ல தங்கியிருந்து அது வெடிச்சா வெளிய ரத்தம் கொஞ்சமா வந்தாலும் உள்ள நெறைய போகும், உயிர் போற விஷயம். கார்டு இதுக்கும் பாசிட்டிவ்னுதான் காட்டும், கர்ப்பப்பைல இருக்கா குழாய்ல இருக்கான்னு அதுக்கு தெரியாது, ஸ்கேன்லதான் தெரியும். ஏற்காடு பக்கத்து கிராமங்கள்ல இருந்தா பஸ்ஸுக்கு காத்திருக்காம 108ஐ கூப்பிடுங்க, சேலத்துல மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை எந்நேரமும் திறந்திருக்கும். பேட் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு நனையுதுன்னாலும், தண்ணி கூட தங்காம வாந்தி வந்து யூரின் குறைஞ்சுதுன்னாலும் கிளம்பிடுங்க.

ரெண்டு கோடு வந்தா

குழந்தை வேணும்னு இருக்கறவங்க அன்னைல இருந்தே ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், இன்னும் சொல்லப்போனா முயற்சி பண்ற மாசத்துல இருந்தே ஆரம்பிக்கிறது நல்லது, 12 வாரம் வரைக்கும் போடணும். சுகருக்கு, ஃபிட்ஸுக்கு மாத்திரை போடுறவங்க டாக்டர்கிட்ட வேற டோஸ் கேக்கணும், இருக்குற மாத்திரையையும் நீங்களா நிறுத்தக்கூடாது. வலி மாத்திரை, பரு மாத்திரை, நாட்டு மருந்து எதா இருந்தாலும் கேட்டுட்டு போடுங்க, எக்ஸ்ரே எடுக்குற இடத்துல முதல்லயே சொல்லிடுங்க. 12 வாரத்துக்குள்ள கிராம நர்ஸ்கிட்டயோ சுகாதார நிலையத்துலயோ பதிஞ்சு பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தை பதிவு பண்ணதுக்கான நம்பர் வாங்கிடுங்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய் உதவிக்கும் அது வேணும், பின்னால குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கும் அது கேப்பாங்க.

இப்ப வேண்டாம்னு இருக்கறவங்களும் இருக்காங்க, அவங்களும் மனுஷிங்கதான். கலைக்கிற மாத்திரையை யார் மூலமாவோ வாங்கி வீட்ல போடாதீங்க, எத்தனை வாரம், எங்க தங்கியிருக்குன்னு தெரியாம போட்டா ரத்தப்போக்கு நிக்காம உயிருக்கே ஆபத்தாகும். அரசு ஆஸ்பத்திரிலயே சட்டப்படி பண்ணுவாங்க, 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டா போதும், 18 வயசு ஆன பொண்ணுக்கு அவ சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்தோ அம்மா அப்பா கையெழுத்தோ சட்டம் கேக்கலை, கல்யாணம் ஆகலைன்னாலும் அதே சட்டம்தான். எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு சுலபம், அதுக்காகவாச்சும் தேதியை எழுதி வைங்க.

டாக்டர் முன்னாடி உக்காந்ததும் கடைசி பீரியட்ஸ் முதல் நாள், உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், கார்டு எந்தத் தேதில போட்டீங்க என்ன வந்துச்சு, என்ன மாத்திரை போட்டுட்டு இருக்கீங்க, இந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதி நீங்களே குடுத்துடுங்க, கூட வர்ற மாமியாரோ அம்மாவோ உங்களுக்கு பதிலா தேதி சொல்ல வேண்டாம்.